ஒன்றரைச் சுற்று

மழை விட்ட ஞாயிறு. ஒலுமடுவில் கரண்ட் இல்லை.
போனில் முப்பத்தொரு வீதம் சார்ஜ்.
டேட்டா எவ்வளவு மிச்சமென்று பார்க்கவில்லை,
பார்த்தால் பயம் வரும்.
யூரியா பையை வெட்டி விரித்து
பஜாஜுக்குப் பக்கத்தில் குந்தியிருக்கிறேன்.
லீசிங் முடிய இன்னும் ஏழு மாதம்.

வெள்ளிக்கிழமை அம்பகாமம் றோட்டில் ஏழு தரம் நின்றது.
பின்னால் இருந்த கொறற்றி ஏழு தரமும் இறங்கி
"சொல்லிப்போட்டு நிண்டாலாவது பரவாயில்லை" என்றாள்.
மாங்குளம் சந்திக் கராஜில் விட்டால் மூன்று நாள்.
வண்டியின் வருத்தத்தை அவர் என்னிடம் சொல்லமாட்டார்,
எனக்குப் பின்னால் ஆம்பிளை யாரும் நிற்கிறானா என்று தேடுவார்.

வீடியோவில் முகமே இல்லை. இரண்டு கை மட்டும்.
நகம் வெட்டிய, மோதிரம் போட்ட, இந்தியக் கை.
வெள்ளைத் துணியில் ஒவ்வொரு ஆணியையும்
கல்யாண வீட்டுப் பலகாரம் மாதிரி அடுக்குகிறது.
குரல் சொல்கிறது:
"பயப்படாதீங்க நண்பர்களே.
தப்பாப் போனா என்ன, வண்டி ஸ்டார்ட் ஆகாது. அவ்வளவுதான்."

நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்து
இன்னொரு தரம் கேட்டேன்.
அவ்வளவுதான்.

பதினோரு வருடமாய்
முகக் கவசத்துக்குள் வியர்த்தபடி
மிதிவெடி தேடி, ஒரு மீற்றர் அகலப் பாதையில்
முழங்காலில் நகர்கிறவள் நான்.
எங்களுக்கும் வழிகாட்டிப் புத்தகம் உண்டு.
அதில் எந்தப் பக்கத்திலும்
அவ்வளவுதான் என்று எழுதியிருக்கவில்லை.
பின்னுக்கு இழுக்கிற பட்டனும் இல்லை.

சிரிப்பு வந்தது. தனியே இருந்து சிரித்தேன்.
கோழி ஒன்று நின்று பார்த்தது.

பெற்றோலைப் பூட்டு. கிளிப்பைத் தளர்த்து.
"உங்க வண்டில இது வேற இடத்துல இருக்கலாம்."
இருந்தது.
அவர் ஸ்பேனர் என்பதை நான் சாவி என்கிறேன்,
பத்தாம் நம்பர் இரண்டு பேருக்கும் பத்துத்தான்.
காபரேட்டர்க் கிண்ணத்தின் அடியில்
செம்மண் வண்டல், ஏதோ பூச்சியின் ஒரு கால்.
ஜெற்றை வானத்துக்குப் பிடித்தேன்.
துளையில் வெளிச்சம் தெரியவேண்டுமாம். தெரியவில்லை.
"கம்பி விடாதீங்க, ஏர் அடிங்க."
ஏருக்கு எங்கே போக?
பழைய ரியூப் துண்டு சுற்றி, சைக்கிள் பம்பை வைத்துக் குத்தினேன்.
இருபத்துநாலாவது குத்தில்
கடுகளவு வானம்.

அந்த நேரம் பார்த்துப் படம் நின்றது.
வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.
கையில் மிதவை, உதட்டுக்கிடையில் அதன் ஊசி,
நாக்கெல்லாம் பெற்றோல்,
போனை மூக்கால் தட்டினேன்.
இந்த இடைவெளியில்தான் கோழி
கறுப்பு ரப்பர் வளையத்தைக் கொத்திக்கொண்டு ஓடியது.
வேலிவரை துரத்திப் பறித்தேன்.
கோழியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

டேட்டா முடிந்தது. மிச்சம் ஞாபகத்தில்.
காற்று ஆணியை முழுக்க இறுக்கி,
பிறகு வெளியே, ஒன்றரையா, இரண்டரையா?
கண்ணை மூடினேன். அந்தக் கை திரும்புவது தெரிந்தது.
ஒன்று. அரை.
பிறகு இன்னும் ஒரு நெல்மணியளவு;
அது அவர் சொன்னதல்ல.

ஒன்பதாவது உதையில் பிடித்தது.
இருமல், புகை, பிறகு
கொறற்றி வீட்டு நாய் எழும்பிக் குரைக்கிற சத்தம்.

யூரியா பையில் ஒரு ஆணி மிச்சம்.
வேலையில் என்றால் மிச்சத்தை விட்டு எழும்பேலாது.
இடம், ஆழம், நேரம் எழுதவேண்டும்.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன்:
ஆணி, ஒன்று. சிறியது. ஞாயிறு நாலு இருபது.
எங்கிருந்து வந்ததென்று தெரியாது.
வண்டி ஓடுகிறது.

திங்கள் விடிய ஐந்தேகாலுக்குக் கொறற்றி ஏறினாள்.
"ஆர் செய்தது?"
"ரெண்டு கை" என்றேன்.
காட்டோரம் மயில் ஒன்று குறுக்கே நடந்தது.
பிடித்தேன். பிரேக் கீச்சென்று கத்தியது.
இதுக்கும் ஒரு வீடியோ இருக்கும்.